கல்லுக்கும் வருத்தம் வருமா?



பாடசாலை விடுமுறைக்குப் புளோரிடா சென்று வந்த குடும்பமொன்றிடமிருந்து எமக்கு ஒரு கடிதம் கிடைத்தது. கண்ணாடி அடித்தளம் கொண்ட படகொன்றில் ஏறிக் கடலடியைப் பார்த்தார்களாம். நிறநிறமான முருகைக்கற்களைப் பார்க்கலாம் என்று ஆசையோடு போன பிள்ளைகளுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. மீன்கள் இருந்தன, முருகைக்கற்களோ பெரும்பாலும் வெளிறியும் பாசி படர்ந்தும் கிடந்தன. "இவற்றுக்கு நோய் வந்துவிட்டது" என்று படகோட்டி விளக்கினாராம். அதைக் கேட்ட எட்டு வயது மகள், "கல்லுக்கும் வருத்தம் வருமோ அம்மா?" என்று கேட்டாளாம். "எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் பகுதியில் எழுதுங்கோ" என்று தாயார் கேட்டிருந்தார்.

பிள்ளையின் கேள்வி சிறியது. ஆனால் அதற்கு விடை தேடி விஞ்ஞானிகள் ஐம்பது ஆண்டுகளாகக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டறிந்தவற்றில் முக்கியமானவற்றை இம்முறை பார்ப்போம். மற்ற இடங்களையும் தொட்டுச் சென்றாலும், அந்தப் பிள்ளை பார்த்த புளோரிடாக் கடலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

கல் அல்ல, உயிர்

முருகைக்கல் எம்மவர்க்குப் புதிய பொருளன்று. நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்கே முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளை மறந்திருக்க மாட்டார்கள். நாம் கையில் எடுத்துப் பார்த்ததெல்லாம் செத்த முருகையின் எலும்புக்கூடு. உயிருள்ள முருகை அதன் மேற்பரப்பில் மெல்லிய தோல் போல் படர்ந்திருக்கும்.

அந்தத் தோல் பல்லாயிரம் சிறு பிராணிகளின் கூட்டம். ஒவ்வொன்றும் ஒரு வாயும் அதைச் சுற்றி நுண்ணிய கைகளும் கொண்டது. இழுதுமீனுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். இப்பிராணிகள் கடல்நீரிலுள்ள கல்சியத்தை எடுத்துத் தமக்கடியில் சுண்ணாம்புக் கல்லாகப் படியவைக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படிப் படிந்து படிந்துதான் முருகைக் கற்பாறைத் தொடர்கள் உருவாகின.

இன்னொரு புதினமும் உண்டு. முருகையின் உடலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்துத் தமக்கு இடம் தந்த முருகைக்கும் கொடுக்கின்றன. முருகைக்குத் தேவையான சக்தியில் பெரும்பகுதி இந்தக் குடியிருப்பாளர்களிடமிருந்தே வருகிறது. முருகையின் நிறமும் பெரும்பாலும் அவற்றால் வருவதே. இவை தவிர, முருகையைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான சளிப்படலத்தில் பலவகைப் பற்றீரியாக்களும் வாழ்கின்றன. எங்கள் குடலில் வாழும் நல்ல கிருமிகளைப் போல, இவற்றுள் பல வெளிக்கிருமிகள் உள்ளே நுழையாமல் காவல் காக்கின்றன.

ஆகவே முருகை என்பது ஒரு வீடு. பிராணி, அல்கா, பற்றீரியா மூன்றும் அதில் கூட்டுக் குடும்பமாக இருக்கின்றன. அக்குடும்பத்தின் சமநிலை குலையும்போது நோய் வருகிறது. எனவே அந்தப் பிள்ளையின் கேள்விக்கு முதற் பதில்: கல்லுக்கு வருத்தம் வராது, கல்லைக் கட்டிய உயிருக்கு வரும்.

வெளிறல் வேறு, நோய் வேறு

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கடல் நீர் வழமைக்கு மேல் சூடேறினால் முருகை தன்னுள் இருக்கும் அல்காக்களை வெளியேற்றிவிடும். அப்போது உடல் கண்ணாடி போலாகி, அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். இதுவே வெளிறல். வெளிறிய முருகை இறந்த முருகை அன்று; அது பட்டினி கிடக்கும் முருகை. நீர் சீக்கிரம் குளிர்ந்தால் அல்காக்கள் மீண்டும் வந்து சேரும், உயிரும் தப்பும்.

தொற்றுநோய் அப்படியன்று. அதில் உடலின் இழையமே அழிந்து உதிர்கிறது. ஓரிடத்தில் தொடங்கும் புண் பரவிக்கொண்டே போகும். புண் கடந்த இடத்தில் வெறும் எலும்பே மிஞ்சும். சில நாட்களில் அதன்மீது பாசி படர்ந்துவிடும்.

இரண்டும் வேறென்றாலும் ஒன்றுக்கொன்று உறவுண்டு. 2005ஆம் ஆண்டு கரிபியன் கடல் கடுமையாகச் சூடேறியபோது அமெரிக்க வேர்ஜின் தீவுகளில் முருகைகள் பெரும்பாலும் வெளிறின. பின்னர் நீர் குளிர்ந்தது; பல முருகைகள் நிறமும் பெறத் தொடங்கின. தப்பிவிட்டன என்று எல்லோரும் நினைத்த வேளையில் நோய் பரவியது. அங்கு கண்காணிக்கப்பட்ட இடங்களில் உயிருள்ள முருகையின் பரப்பு ஏறத்தாழ 60 வீதத்தால் குறைந்துபோனது. பட்டினி கிடந்து எழும்பிய மனிதனைக் காய்ச்சல் பிடிப்பது போன்றதே இது.

ஐம்பது ஆண்டுக் கதை

முருகை நோயொன்றை முதன்முதலில் விரிவாக எழுதியவர் ஆர்ன்பிரீட் அன்ரோனியஸ் என்னும் ஆராய்ச்சியாளர். 1973இல் அவர் விவரித்த நோயில், முருகையின்மேல் ஒரு கறுப்புப் பட்டி தோன்றி நாளுக்குச் சில மில்லிமீற்றர் வீதம் நகர்ந்தது. அது போன வழியெல்லாம் உயிர் அழிந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் வெண்பட்டி நோய் தோன்றியது. கரிபியன் கடலில் ஆழம் குறைந்த இடங்களை நிறைத்திருந்த மான்கொம்பு முருகைகளையும், எல்க் எனும் பெருமானின் அகன்ற கொம்பு போல் வளரும் எல்க்கொம்பு முருகைகளையும் அது அழித்தது. ஒருகாலம் காடு போலிருந்த இவ்விரு இனங்களையும் அழியும் அபாயத்துக்குள்ளானவை என்று 2006இல் அமெரிக்க அரசு பட்டியலிட வேண்டியதாயிற்று.

நோய் வந்தது முருகைக்கு மட்டுமன்று. பாறைகளில் நீண்ட கறுப்பு முட்களோடு இருக்கும் கடல்முள்ளிகளைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கரிபியன் கடலில் பாறைகளின் பாசியை மேய்ந்து துப்புரவாக வைத்திருந்தவை அவையே. 1983 ஜனவரியில் பனாமாக் கால்வாயின் கரிபியன் வாசலுக்கருகில் அவை திடீரென இறக்கத் தொடங்கின. ஓராண்டு சற்றுக் கடப்பதற்குள் கரிபியன் முழுவதும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துப்போயின. பாசியை மேய ஆளில்லாமற் போயிற்று.

யமேக்காவில் பாசி மேயும் மீன்களையும் மக்கள் முன்னரே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980இல் ஒரு பெருஞ்சூறாவளியும் முருகைகளை நொறுக்கியிருந்தது. எல்லாம் சேர்ந்து வந்ததன் விளைவு என்ன? அத்தீவைச் சுற்றி 1977இல் கடலடியின் பாதிக்கு மேல் மூடியிருந்த உயிர்முருகை 1993இல் 3 வீதமாகச் சுருங்கியது. பாசியோ 4 வீதத்திலிருந்து 92 வீதமாகப் பெருகியது. பதினாறே ஆண்டுகளில் ஒரு கடலடியின் முகம் மாறிவிட்டது.

அந்தக் கடல்முள்ளிகளைக் கொன்ற கிருமி எதுவென்று நாற்பது ஆண்டுகளாக யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. 2022 ஜனவரியில் வேர்ஜின் தீவுகளில் அதே போன்ற சாவு மீண்டும் தொடங்கியபோது விஞ்ஞானிகள் ஆயத்தமாக இருந்தார்கள். ஒற்றைக்கலப் பிராணி ஒன்றே இம்முறை காரணம் என்பதை 2023இல் அவர்கள் நிரூபித்தார்கள்.

மியாமிக்கு அருகில்

இனிப் புளோரிடாவுக்கு வருவோம். 2014 செப்ரெம்பரில் மியாமி நகருக்கருகே கடலடியைப் பார்வையிட்ட சுழியோடிகள் முன்பு காணாத ஒரு நோயைக் கண்டார்கள். முருகைகளின் இழையம் திட்டுத்திட்டாக உரிந்தது. சில இனங்களில் நூறாண்டுகள் வளர்ந்த பெரிய முருகையும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் வெறும் கல்லாயிற்று. 'வன்முருகை இழைய இழப்பு நோய்' என்று இதைத் தமிழில் சொல்லலாம். முன்னைய நோய்களுள் சில ஓரிரு இனங்களையே தாக்கின. இதுவோ இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்குகிறது.

நோய் மியாமியிலிருந்து வடக்காகவும் தெற்காகவும் நகர்ந்தது. ஏறத்தாழ 560 கிலோமீற்றர் நீளமான புளோரிடா முருகைத் தொடரின் மேற்கு எல்லையிலுள்ள உலர் தோர்த்துகாசுத் தீவுகளை 2021இல் எட்டியது. அதற்குள் கடல் கடந்தும் போய்விட்டது. 2017இல் யமேக்கா, 2018இல் மெக்சிக்கோ, 2019இல் வேர்ஜின் தீவுகள், பெலீஸ், பகாமாஸ் என்று பட்டியல் நீண்டது. இன்று கரிபியனில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்புலங்களிலும் இந்நோய் காணப்பட்டுள்ளது. புளோரிடாவில் தூண்களைப் போல் நிமிர்ந்து வளர்ந்த தூண் முருகை என்னும் இனம், இனித் தானாகப் பெருக முடியாத அளவுக்கு அருகிப்போனது.

இதை உண்டாக்கும் கிருமி எது? பத்தாண்டுகளுக்கு மேலாகியும் உறுதியான விடை இல்லை. நுண்ணுயிர் கொல்லி மருந்து போட்டால் புண் ஆறுகிறது. ஆகவே பற்றீரியாவுக்குப் பங்குண்டு என்பது ஒரு சாரார் கருத்து. நோயுற்ற முருகைகளுக்குள் வாழும் அல்காக்களில் வைரசு போன்ற துகள்கள் காணப்பட்டன. முதலில் பாதிக்கப்படுவது அல்காவே என்பது இன்னொரு சாரார் கருத்து. நோய் தோன்றிய காலத்தில் மியாமித் துறைமுகத்தை ஆழமாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் எழுந்த சேறு முருகைகளை மூடியது. அதே 2014இல் கடலும் சூடேறி வெளிறல் உண்டானது. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதும் இன்றுவரை விவாதத்திலேயே இருக்கிறது.

கிருமி தெரியாவிட்டாலும் அது போகும் வழிகள் தெரிந்துவிட்டன. நோயுற்ற முருகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் முருகைக்கு நோய் வருகிறது. தொடாமல் ஒரே தொட்டி நீரில் இருந்தாலும் வருகிறது. நோயுற்ற முருகை கிடந்த இடத்துச் சேற்றாலும் வருகிறது. இவை ஆய்வுகூடங்களில் செய்து பார்த்து அறிந்தவை. கடலில் நீரோட்டம் நோயைச் சுமந்து செல்கிறது. ஆனால் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையிலும், நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலும் திடீரென்று நோய் தோன்றியது ஏன்?

இங்கேதான் கப்பல்களின்மேல் சந்தேகம் விழுந்தது. சரக்கு இறக்கிய கப்பல் கடலில் நிலைகுலையாதிருக்க அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் அதை வெளியேற்றும். ஒரு கடலின் கிருமி இன்னொரு கடலுக்குப் போக இதைவிட வசதியான வாகனம் வேறில்லை. பகாமாசில் நோய் முதலில் காணப்பட்ட இடங்கள் வர்த்தகத் துறைமுகங்களுக்கு அண்மையில் இருந்தன. 2019இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படை, இத்தண்ணீரைக் கரைக்கும் முருகைகளுக்கும் தொலைவில் மாற்றிக்கொள்ளுமாறு கப்பல்களைக் கேட்டுக்கொண்டது. சுழியோடிகளும் ஓரிடத்தில் அணிந்த உடுப்பையும் கருவிகளையும் கிருமிநீக்கிக் கழுவிய பின்னரே அடுத்த இடத்தில் இறங்க வேண்டும் என்ற வழக்கம் வந்தது.

குடலிலிருந்து கடலுக்கு

இப்போது கிருமி பிடிபட்ட ஒரு கதையைச் சொல்வோம். இதுவும் புளோரிடாவில் நடந்ததுதான். படிப்பதற்குச் சற்று அருவருப்பாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1996இல் புளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ற் நகருக்கு அப்பால் எல்க்கொம்பு முருகைகளில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. புள்ளிகள் விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. சில ஆண்டுகளுக்குள் அப்பகுதியின் பல இடங்களில் உயிருள்ள எல்க்கொம்பு முருகையின் 70 வீதத்துக்கும் கூடுதலான பரப்பு அழிந்துபோனது. யோர்ச்சியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யேம்ஸ் போர்ட்டரும் அவருடைய குழுவினரும் 2002இல் அதன் காரணத்தை வெளியிட்டார்கள். செராற்றியா மார்செசன்ஸ் என்னும் பற்றீரியாவே அது. மனிதக் குடலில் காணப்படுவதும், ஆசுப்பத்திரி நோயாளருக்குத் தொற்றுகளை உண்டாக்குவதுமான பற்றீரியா!

ஆனால் இந்தக் கிருமி மண்ணிலும் நீரிலும் உண்டு. பல பிராணிகளிலும் உண்டு. மனிதனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எப்படி? போர்ட்டரோடு பணியாற்றிய கத்ரின் சதர்லண்ட் என்னும் விஞ்ஞானியும் குழுவினரும் இதைத் துலக்கினார்கள். கீ வெஸ்ற் கழிவுநீர் நிலையத்திலிருந்தும், அங்குள்ள மான்கள், கடற்பறவைகள் முதலியவற்றிலிருந்தும் மாதிரிகள் எடுத்து மரபணுக்களை ஒப்பிட்டார்கள். மனிதக் கழிவுநீரில் இருந்த வகை மட்டுமே நோயுற்ற முருகையில் இருந்த வகையோடு பொருந்தியது. பின்னர், தொட்டிகளில் வைத்த நல்ல எல்க்கொம்பு முருகைத் துண்டுகளில் அதைப் பூசிப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே நோய் தோன்றிற்று. இம்முடிவு 2011இல் வெளியானது. மனிதனிடமிருந்து ஒரு கடற்பிராணிக்கு நோய் தொற்றியதை இவ்வாறு படிப்படியாக நிரூபித்தது ஒரு பெருஞ் சாதனையாகும்.

மலக்குழியிலிருந்து முருகைக்கு அது எப்படிப் போனது? யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. புளோரிடாவின் அந்தத் தீவுகள் பழைய முருகைக் கற்பாறைகளால் ஆனவை. துளைகளும் வெடிப்புகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது கீழே நிற்காது. எங்கள் குடாநாட்டிலும் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லே. மலக்குழியும் கிணறும் ஒரே வளவில் இருந்தால் ஒன்றின் நீர் மற்றதற்குப் போகும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் படித்துப் படித்துச் சொன்னது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

கீ லார்கோ என்னும் தீவில் விஞ்ஞானிகள் இதை அளந்தும் பார்த்தார்கள். மனிதருக்குத் தீங்கு செய்யாத ஒருவகை வைரசை அடையாளத்துக்காக வீடொன்றின் கழிவுத் தொட்டிக்குள் அனுப்பினார்கள். 11 மணித்தியாலத்தில் அது அருகிலிருந்த வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது. 23 மணித்தியாலத்தில் கரையோரக் கடலில் இருந்தது. ஒரு நாள்கூட ஆகவில்லை! இம்முடிவு 1995இல் வெளியானது.

அதன்பின் நடந்தது நல்ல செய்தி. கீ வெஸ்ற் நகரம் கழிவுநீரைக் கடலில் விடுவதை 2001இல் நிறுத்தியது. உயர்தரமாகச் சுத்திகரித்து, நிலத்தின் ஆழத்துக்குச் செலுத்தத் தொடங்கியது. ஏனைய தீவுகளிலும் ஆயிரக்கணக்கான வீடுகளின் மலக்குழிகளும் பழைய கழிவுத் தொட்டிகளும் மூடப்பட்டுக் குழாய் இணைப்புகள் கொடுக்கப்பட்டன. பெருஞ்செலவு, மக்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் செய்து முடித்தார்கள்.

அத்தோடு எல்க்கொம்பு முருகைகள் பழையபடி செழித்தன என்று எழுத எமக்கும் ஆசைதான். அது உண்மையாகாது. பிற்காலத்தில் அதே வெண்புள்ளிகள் அந்தக் கிருமி இல்லாத முருகைகளிலும் தோன்றின. 2023 கோடையில் புளோரிடாவை மூடிய வெப்ப அலை, எஞ்சியிருந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்றுபோட்டது. ஒரு வாசலை அடைத்தாலும் வேறு வாசல்கள் திறந்தே இருந்தன.

உடம்பைத் தளர்த்துபவை

அந்த வாசல்களையும் பார்த்துவிடுவோம். வெப்பம் முதலாவது. சூடு முருகையைப் பட்டினி போடுகிறது. கிருமிகளை வேகமாகப் பெருக்குகிறது. அழுக்கு இரண்டாவது. கழிவுநீரிலும் வயல் பசளையிலும் வரும் நைதரசன் பாசியை வளர்க்கிறது, முருகையைத் தளர்த்துகிறது.

மூன்றாவது நாம் அன்றாடம் எறிவது. ஆசிய பசுபிக் கடல்களில் 159 முருகைத் திட்டுகளில் ஏறத்தாழ 124,000 முருகைகளைச் சோதித்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. பிளாஸ்ரிக் குப்பை படாத முருகையில் நோயிருக்கும் வாய்ப்பு 4 வீதம். குப்பை பட்ட முருகையில் 89 வீதம்! பொலித்தீன் முருகையைக் கீறிக் காயப்படுத்துகிறது, வெளிச்சத்தை மறைக்கிறது, கிருமிகளுக்குத் தெப்பமாகவும் ஆகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இந்தோனேசியத் தீவுகளில் நடந்த, 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, கடற்புல் படர்ந்த இடங்களுக்குப் பக்கத்திலுள்ள முருகைகளில் நோய் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்திருந்தது. அங்குள்ள நீரில் மனிதக் கழிவிலிருந்து வரும் பற்றீரியாக்களும் குறைவு. வெறும் புல் என்று பிடுங்கி எறியப்படும் தாவரம் சம்பளம் வாங்காத சுத்திகரிப்பு நிலையமாக வேலை செய்கிறது.

கடலுக்குள் வைத்தியம்

நோய் வந்த முருகைக்கு வைத்தியம் உண்டா? உண்டு. எங்கள் பிள்ளைகளுக்குக் காதுக்குத்து, தொண்டைநோ வந்தால் வைத்தியர் எழுதித் தரும் அதே அமொக்சிசிலின் மருந்தை ஒரு பசையில் குழைக்கிறார்கள். சுழியோடிகள் கீழே இறங்கிப் புண்ணின் விளிம்பில் அதைப் பூசுகிறார்கள். சில இனங்களில் பூசிய புண்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஆறிவிடுகின்றன. ஆனால் அதே முருகையில் வேறிடத்தில் புதுப்புண் வரலாம். திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். கடலில் நுண்ணுயிர் கொல்லியைப் பாவிப்பதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகுமோ என்ற பயமும் உண்டு.

ஆகவே வேறு வழியும் தேடப்படுகிறது. நோய் பிடிக்காத ஒரு முருகையிலிருந்து காவற்பற்றீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து, நோயுற்றவற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், சிமித்சோனியன் நிறுவனத்தின் புளோரிடா ஆய்வு நிலையத்தினர். நோயின் வேகம் தணிந்ததென 2023இல் அறிவித்தார்கள். இன்னொரு பக்கம், நோய் எட்டுமுன்பே ஆயிரக்கணக்கான முருகைகளை எடுத்துவந்து மிருகக்காட்சிச் சாலைகளிலும் மீன்காட்சியகங்களிலும் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். 2019இல் புளோரிடா மீன்காட்சியகத்தில் தூண் முருகைகளைத் தொட்டிக்குள்ளேயே இனம்பெருக்கச் செய்தார்கள். உலகில் அதுவே முதல் தடவை. ஊர் அமைதியானதும் திரும்பிப் போகலாம் என்று பாதுகாப்பான இடத்தில் வைத்திருக்கும் குடும்பம் போல அவை காத்திருக்கின்றன.

பெயர் தெரியாத கிருமி

"நோய்க்குக் காரணமான கிருமி தெரிந்த பிறகல்லவா நடவடிக்கை எடுக்கலாம்?" என்று சிலர் கேட்பார்கள். துறைமுக வேலைகளையோ கழிவுநீர்த் திட்டங்களையோ பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் இக்கேள்வி எழுகிறது. காலத்தைக் கடத்த நல்ல கேள்வி!

இதற்குப் பதில் லண்டன் நகரிலேயே உண்டு. 1854இல் அங்கு சோகோப் பகுதியில் வாந்திபேதி பரவிச் சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். யோன் சினோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலானவை ஒரு தெருக்குழாயைச் சுற்றியே இருந்தன. அக்குழாயின் கைபிடியைக் கழற்றச் செய்தார். அப்போது அந்நோயின் கிருமியை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. ரொபேட் கொக் அதை உலகறியச் செய்தது 1884இல். முப்பது ஆண்டுகள் கழித்து. அதற்குள் லண்டன் பெரிய கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டி முடித்து, வாந்திபேதியை விரட்டியும் விட்டது.

கிருமியின் பெயர் தெரியாமலே அது வரும் வழியை அடைக்கலாம். முருகை நோயிலும் அப்படியே. கப்பல் தண்ணீர், வீட்டுக் கழிவுநீர், துறைமுகச் சேறு, கடலில் எறியும் பொலித்தீன், அளவுக்கு மீறிய மீன்பிடி என்பன எல்லாம் எமக்குத் தெரிந்த வழிகள். கடல் சூடேறுவதே இவற்றுள் பெரியதும் கடினமானதுமாகும். அதைத் தனியொரு ஊர் தடுக்க முடியாது, உலகம் முழுவதும் சேர்ந்து புகையைக் குறைக்க வேண்டும். ஆனால் மற்றவை ஊரளவில், நாட்டளவில் செய்யக்கூடியவை. கீ வெஸ்ற் மக்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். அழுக்கும் காயமும் இல்லாத முருகைக்குச் சூட்டைத் தாங்கவும், நோயை எதிர்க்கவும் ஓரளவு தெம்பிருக்கும்.

கடலடியின் ஒரு வீதத்திலும் குறைவான இடத்தையே முருகைத் திட்டுகள் பிடித்திருக்கின்றன. ஆயினும் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாழ்வில் ஒரு பருவத்தையாவது அங்கே கழிக்கின்றன. கரையை அறுக்க வரும் அலையை உடைப்பவையும் அவையே. கரையோர மீனவருக்கு முருகை அழிவது அடுப்பில் உலை இறங்குவதற்குச் சமன்.

கடிதம் எழுதிய தாயாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: கல்லுக்கு வருத்தம் வராது, குஞ்சு. கல்லின்மேல் இருக்கும் உயிருக்குத்தான் வரும். அதற்கு வாய் உண்டு. வருத்தம் என்று சொல்லத் தெரியாது. ஆகையால் மனிதர்கள் கடலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருந்தோடு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தமுறை அவளே இறங்கிப் பார்க்க விரும்பினால் நீந்தப் பழக்கிவிடுங்கள். போகும்போது எதையும் தொடாமல், எதையும் எறியாமல் திரும்பி வரச் சொல்லுங்கள்.